வெள்ளம் வந்த பிறகுதான் கான் துப்புரவா? வாவிக்குப் போகும் வழி யாருடைய பொறுப்பு?

தாழ்நிலவாசி (இழையைத் தொடங்கியவர்)
2024 டிசம்பர் 7

நவம்பர் இறுதி வாரத்து மழை ஓய்ந்து, இடைநிறுத்தப்பட்ட உயர்தரப் பரீட்சையும் மீண்டும் ஆரம்பமாகிவிட்டது. எங்கள் ஒழுங்கையில் நின்ற நீர் மட்டும் இன்னும் முழுமையாக இறங்கவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் தாழ்நிலக் குடியிருப்பொன்றிலிருந்து இதனை எழுதுகிறேன். இடத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். பெயரைச் சொன்ன மறுகணமே "அது பள்ளக்காணி, அங்கே வீடு கட்டியவர்கள் பிழை" என்று பேச்சு திசைமாறிவிடும். இங்குள்ள குடும்பங்களில் பல யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து வந்து, கையிலிருந்த காசுக்குக் கிடைத்த காணியை வாங்கியவை. மேட்டுக்காணியின் விலை என்னவென்று அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் ஒழுங்கையோரக் கான், அதாவது மழைநீர் வடிகால், வைகாசியிலேயே மண்ணால் நிரம்பியிருந்தது. ஆடியில் கிராம அபிவிருத்திச் சங்கத்தினூடாக எழுத்தில் அறிவித்தோம். கடிதம் கிடைத்ததற்கான முத்திரை எங்களிடம் உள்ளது. பெக்கோ இயந்திரம் வந்ததோ வாசற்படியில் முழங்காலளவு தண்ணீர் நின்ற நாளில். கான் எங்கே முடிகிறது, வீதி எங்கே தொடங்குகிறது என்று கலங்கல் நீருக்குள் தெரியாமல், இயந்திரத்தை ஓட்டியவர் ஒரு வீட்டின் மதிலையும் குடிநீர்க் குழாயையும் உடைத்துவிட்டுப் போனார். அவர்மீது எனக்குக் கோபமில்லை; அன்று அவரை அங்கே அனுப்பியவர்கள்மீதுதான். மறுநாள் அந்தப் படமே "துரித நடவடிக்கை" என்ற தலைப்புடன் முகநூலில் வந்தது.

உலருணவுப் பொதிக்காக நான் இந்த இழையைத் தொடங்கவில்லை. எங்கள் கான் ஒழுங்கையில் தொடங்கி, உள்வீதியைக் கடந்து, பிரதான வீதியின் மதகுக்குள் புகுந்து, ஒரு தனியார் வளவின் ஓரமாகச் சென்று வாவியில் விழவேண்டும். இந்தப் பாதை முழுவதையும் ஒரு முறையாவது நடந்து பார்த்த அலுவலர் எவரேனும் இருக்கிறாரா? இருந்தால் அவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்? விடயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கடலோரத்தான்
2024 டிசம்பர் 7

எங்கள் பக்கத்தில் இயந்திரம் ஒக்டோபரிலேயே வந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஆனால் தோண்டிய மண்ணைக் கானின் கரையிலேயே வரிசையாகக் குவித்துவிட்டுப் போனார்கள். முதல் பெருமழையிலேயே அந்த மண் முழுவதும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. தோண்டுவதற்குப் பணம் ஒதுக்கியவர்கள், அதை ஏற்றிச்செல்ல ஓர் உழவு இயந்திரப் பெட்டிக்கு ஒதுக்க மறந்துவிட்டார்கள் போலும்.

பழைய மேற்பார்வையாளன்
2024 டிசம்பர் 8

நான் உள்ளூராட்சித் துறையின் வேலைப் பகுதியில் கடமையாற்றி ஓய்வு பெற்றவன். எந்தச் சபை என்பது இங்கு தேவையற்றது. தம்பி தாழ்நிலவாசி கேட்ட கேள்வி சரியானது. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னர், நமது கரையோரத்தில் இரண்டு விதமான வெள்ளங்கள் இருப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஊருக்குள் பெய்த மழை வெளியேற வழியின்றி ஊருக்குள்ளேயே நிற்பது. மற்றையது, வாவி பெருகி ஊருக்குள் ஏறுவது. 2011 ஜனவரியில் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் பாதிக்கப்பட்டபோது, அவர்களுள் பெரும்பகுதியினர் நமது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அந்த அளவு மழைக்கு எந்த நகரத்தின் கானும் ஈடுகொடுக்காது. வாவி ஏறிய நிலையில் கான் வழியாக நீர் வெளியே போவதற்குப் பதிலாக உள்ளே வரும். அப்போது எந்த இயந்திரத்தை இறக்கினாலும் பயனில்லை. ஆனால் பெரும்பாலான மாரிகளில் நாம் அனுபவிப்பது முதலாவது வகை. வாவி இன்னும் தாழ்வாக இருக்கும்போதே ஒழுங்கைகளில் நீர் நிற்குமானால், அது பராமரிப்புக் குறைபாடே. சபைகள் முதலாவதற்கு இரண்டாவதைச் சாட்டாகச் சொல்லிப் பழகிவிட்டன.

கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். 10 பேர்ச்சஸ் காணி என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அதன்மீது 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 25,000 லீற்றருக்கும் சற்று அதிகமான நீர் விழுகிறது; கூரையில் வைக்கும் 1,000 லீற்றர்த் தாங்கிகள் இருபத்தைந்துக்குச் சமன். முன்னர் முற்றம் மணலாக இருந்தது. பருவத்தின் தொடக்க மழையையாவது அது உறிஞ்சிக்கொண்டது. இப்போது மதிலிலிருந்து மதில்வரை சீமெந்து போட்டுவிட்டோம். மணல் எஞ்சியிருக்கும் வளவுகளிலும் கார்த்திகைப் பிற்பகுதியில் நிலத்தடி நீர் ஒரு முழ ஆழத்துக்கு ஏறிவிடுவதால் உறிஞ்ச இடமில்லை. எனவே விழும் நீர் முழுவதும் கானுக்குத்தான் வரும்.

அந்தக் கானுக்குச் சரிவு இல்லை. ஆயிரம் மீற்றருக்கு ஒரு மீற்றர் இறக்கம் கிடைத்தாலே இங்கு அது பெரிய விடயம். அப்படிப்பட்ட கானின் நடுவில் ஐந்து அங்குல உயரத்துக்கு ஒரு மண்திட்டு கிடந்தால், அதற்கு மேற்பக்கமாக நூறு மீற்றருக்கும் அதிகமான தூரத்துக்கு நீர் தேங்கி நிற்கும். இரண்டடி அகலமும் இரண்டடி ஆழமும் கொண்ட கானில் பாதி ஆழத்துக்கு மண் நிரம்பினால் பாதி நீராவது ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓடாது. நீர் ஓடும் வெட்டுமுகம் சுருங்குவதோடு, அடியிலும் பக்கங்களிலும் ஏற்படும் உராய்வின் பங்கும் கூடுவதால், முன்னர் ஓடியதில் ஐந்தில் இரண்டு பங்குதான் ஓடும்.

ஆகவே கான் துப்புரவு கீழிருந்து மேலே செய்யப்பட வேண்டிய வேலை. முதலில் வாவியில் விழும் வாய், பிறகு மதகு, பிறகு உள்வீதி, கடைசியாக ஒழுங்கை. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது: முறைப்பாடு எந்த ஒழுங்கையிலிருந்து வருகிறதோ அங்கே இயந்திரம் போகிறது, நூறு மீற்றர் தோண்டுகிறது, திரும்புகிறது. தோண்டிய பகுதி ஒரு நீண்ட தொட்டியாக நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு நுளம்பு வளர்க்கிறது.

பொறுப்பைப் பற்றி: ஏ, பீ வகுப்பு வீதிகளும் அவற்றின் மதகுகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்துக்குரியவை. மற்றைய உள்வீதிகள் மாநகர, நகர அல்லது பிரதேச சபைக்கு. பழைய பாசன வாய்க்கால் குறுக்கிட்டால் நீர்ப்பாசனத் திணைக்களமோ கமநல அபிவிருத்தித் திணைக்களமோ வரும்; வாவிக்கரையில் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் சொல் உண்டு. ஒவ்வொருவரும் தமது துண்டைத் துப்புரவு செய்ததாகக் காகிதத்தில் காட்டலாம். தண்ணீருக்கு வேண்டியது துண்டுகள் சேரும் மூட்டுகள். அந்த மூட்டுகளுக்கு எவரும் கையெழுத்து வைப்பதில்லை.

கிணற்றடி
2024 டிசம்பர் 8

ஐயா எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். வெளியூர் வாசகர்கள் "சற்று நீர் நின்றால் என்ன" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக ஒரு விடயத்தைச் சேர்க்கிறேன். எங்கள் பகுதியில் கிணறும் மலசலகூடக் குழியும் ஒரே வளவுக்குள், சில வீடுகளில் ஒரே மூலையில் உள்ளன. நீர்மட்டம் ஏறியதும் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எந்த வேறுபாடும் இல்லாமற் போய்விடுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குளோரின் இட்டுத் தருகிறார். ஆனால் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தால், சுற்றிலும் நிற்கும் நீரே மீண்டும் ஊறி வருகிறது. நீர் வற்றிய பின்னர் டெங்கு, வயல்வெளியை ஒட்டிய இடங்களில் எலிக்காய்ச்சல் என்று தை மாதம் முழுவதும் வைத்தியசாலை வாசலில் நிற்கிறோம்.

நாங்கள் பேசத் தயங்குகிற ஒன்றும் உண்டு. சில வீட்டுக்காரர்கள் குழி நிரம்பியதும் இரவோடு இரவாக ஒரு குழாயை வீதிக் கானுக்குள் திருப்பிவிடுகிறார்கள். அந்தக் கானுக்குள் கையுறையோ முழங்கால்வரை மூடும் பாதணியோ இல்லாமல் ஒரு தொழிலாளி இறங்கிச் சேற்றை அள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். துப்புரவுத் தொழிலாளர்கள் சில ஒழுங்கைகளுக்கு வர மறுப்பதாகக் குறை சொல்பவர்கள், எந்த ஒழுங்கைகளுக்கு, ஏன் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

படுவான்கரை விவசாயி
2024 டிசம்பர் 8

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருப்பவர்களிடம், மேற்கே படுவான்கரையிலிருந்து ஒரு வேண்டுகோள். ஒழுங்கையில் நீர் நின்ற உடனேயே "முகத்துவாரத்தை வெட்டு" என்ற குரல் எழும்புகிறது. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அது கடலோடு சேர்வது பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் மட்டுமே. வறட்சிக் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை மூடிவிடுகிறது. உன்னிச்சை, நவகிரிக் குளங்கள் நிரம்பி வான்கதவுகளைத் திறக்கும்போது அந்த நீர் எங்கள் வட்டைகளை (வயல்வெளிகளை) கடந்துதான் வாவிக்கு வருகிறது. பெரும்போகப் பயிர் அப்போது இளம் பயிராக இருக்கும். ஒரு கிழமைக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடும். ஆகவே வாயை நேரத்துக்கு வெட்ட வேண்டும் என்பதில் உங்களைவிட எங்களுக்கே அவசரம் அதிகம்.

ஆனால் அவசரப்பட்டு வெட்டினால் வாவி தாழ்ந்த பின்னர் உப்புநீர் உள்ளே ஏறும். கரையோர வயல்களுக்கு அது கேடு. மீனவர்களுக்கும் தங்கள் கணக்கு உண்டு. இறாலும் மீனும் கடலுக்கும் வாவிக்கும் இடையே போய்வருவது அந்த வாய் வழியாகத்தான். அதனால்தான் அந்த முடிவை மாவட்டச் செயலகத்தில் எல்லாத் தரப்பையும் அழைத்து எடுக்கிறார்கள். உங்கள் ஒழுங்கையின் அடைபட்ட மதகுக்குத் தீர்வாக எங்கள் வயலின் தலைவிதியை மாற்றாதீர்கள்.

தாழ்நிலவாசி
2024 டிசம்பர் 8

அண்ணன் படுவான்கரைக்கு: நான் முகத்துவாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும். இம்முறை எங்கள் ஒழுங்கையில் நீர் நிற்கத் தொடங்கியபோது வாவிக்கரைப் படிக்கட்டுகள் வெளியே தெரிந்துகொண்டிருந்தன. ஐயா சொன்ன முதலாவது வகை வெள்ளம்தான் எங்களுடையது. வாவி ஏறியது அதற்குப் பிறகு.

வட்டையோரம்
2024 டிசம்பர் 9

கல்முனைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வாவி இல்லை. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை, இடையில் நெருக்கமாக அடுக்கப்பட்ட வீடுகள். மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வரையில் இதே அமைப்புத்தான். முன்னர் ஊர் நீரின் ஒரு பகுதி மேற்கே வட்டைக்குள் இறங்கும். மறுபகுதி தோணா என்ற கரையோர நீரோடைக்குள் சேர்ந்து, கடல்வாய் வெட்டப்படும்போது கடலுக்குப் போகும். இன்று வட்டையின் ஓரங்களைக் கிறவல் போட்டு நிரப்பி வீடும் கடையும் கட்டியாகிவிட்டது. தோணாவோ சல்பீனியா நீர்க்களையும் கோழிக் கழிவும் பொலித்தீனும் நிறைந்து, கடல்வாய் திறந்தாலும் அசையாத நிலையில் இருக்கிறது. கோடையில் அதன் துர்நாற்றத்தைப் பற்றிக் கூட்டம் கூடுவோம். மாரியில் அதன் வெள்ளத்தைப் பற்றிக் கூட்டம் கூடுவோம்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. ஆனால் நிரப்பப்பட்ட காணிக்கு மின்சாரம் கிடைக்கிறது, குடிநீர் இணைப்புக் கிடைக்கிறது, வீதியும் கொங்கிறீட்டால் போடப்படுகிறது. அந்த வீதி பக்கத்து வளவுகளைவிட ஓர் அடி உயரமாக, குறுக்கே ஒரு குழாய்கூட வைக்கப்படாமல் போடப்படும்போது, அது அணைக்கட்டாகவே தொழிற்படுகிறது. வீதி திறப்பு விழாவுக்கு மாலையோடு போனவர்களுள் எங்கள் ஊர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். தண்ணீர் எங்கே போகும் என்று அந்த மேடையில் எவரும் கேட்கவில்லை.

நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரத்தோடு மதரசா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்ட செய்தி எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளைகளின் விடயத்தைக் கான் துப்புரவு விவாதத்துக்குள் கொண்டுவந்து சுருக்க நான் விரும்பவில்லை. அது ஆற்றுவெள்ளம், அதற்கான கேள்விகள் வேறு. இருந்தாலும், நீர் எந்த வழியாகப் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அந்த வழியில் எந்தத் தடுப்பும் இல்லாமற் போவது நமது பிரதேசத்தில் புதிதல்ல என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

உண்மை விளம்பி
2024 டிசம்பர் 9

எல்லோரும் சபையையே குற்றம் சாட்டுகிறீர்கள். கானுக்குள் கிடப்பவை என்ன? பாம்பர்ஸ், ரெஜிபோம் பெட்டி, பிளாஸ்டிக் போத்தல், கோம்பை, வெட்டிய வேலிக் கதியால். இவற்றைச் சபை ஊழியர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து போடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசல் கானைத் துப்புரவாக வைத்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

தாழ்நிலவாசி
2024 டிசம்பர் 9

குப்பை போடுபவர்களை நான் பாதுகாக்கவில்லை. ஆயினும் எங்கள் ஒழுங்கைக் கானில் இயந்திரம் அள்ளியெடுத்ததில் பெரும்பங்கு மணல். அதற்கு மேலே ஒரு படையாகவே பொலித்தீன் இருந்தது. மணல் வருவது செப்பனிடப்படாத வீதியிலிருந்தும், கட்டட வேலைக்காக வீதியோரத்தில் குவிக்கப்படும் குவியல்களிலிருந்தும். குப்பை வண்டி பிரதான வீதியோடு திரும்பிவிடும். ஒழுங்கைக்குள் அது நுழைவதில்லை. வருடந்தோறும் சபைக்குச் சோலைவரி (வீட்டு வரி) கட்டுகிறவன் என்ற முறையில், அந்தப் பணத்துக்கு எனக்குக் கிடைக்கும் சேவைகள் எவை என்று கேட்பதற்கு முன்னர் என் வாசலைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை நான் ஏற்கவில்லை. வாசலைக் கூட்டுவேன், கேள்வியையும் கேட்பேன்.

பழைய மேற்பார்வையாளன்
2024 டிசம்பர் 9

உண்மை விளம்பி சொல்வதில் ஒரு பகுதியை நான் வேறு விதமாக எடுத்துக்கொள்கிறேன். குப்பையைவிடப் பெரிய தடை, வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலுக்கு முன்னால் கானின்மீது ஊற்றும் கொங்கிறீட். மோட்டார் வண்டி ஏறுவதற்கு எட்டு அடி போதும். ஆனால் காணியின் முழு அகலத்துக்கும் மூடி, அதன்மீது பூச்சட்டி வைத்துவிடுகிறார்கள். கழற்றக்கூடிய மூடிகளாகப் போட்டால் பிரச்சினை இல்லை. ஒரே பாளமாக ஊற்றினால் அதற்கடியில் எந்த மண்வெட்டியும் போகாது. உடைக்கப் போனால் அரசியல்வாதியிடமிருந்து தொலைபேசி வரும். அந்த அழைப்புகளை நானே எடுத்திருக்கிறேன்.

சபைகளின் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். பல சபைகளில் நிரந்தரத் தொழிலாளர் வெற்றிடங்கள் நெடுங்காலமாக நிரப்பப்படவில்லை. இருக்கும் ஒரு பெக்கோ மைதானம் சமப்படுத்தவும், திருவிழாவுக்கு வீதி சீரமைக்கவும், பிரமுகர் வருகைக்கும் போய்க்கொண்டிருக்கும். செப்டெம்பரில் அது பழுதானால் உதிரிப்பாகம் வருவதற்குள் மாரி வந்துவிடும். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது டீசலும் இல்லாமற் போனது. இவை யாவும் உண்மை. ஆனால் இவை எவற்றுக்கும் ஆடி மாதக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டதோடு தொடர்பில்லை. பதில் எழுத டீசல் தேவைப்படாது.

சட்டப் படிப்பாளி
2024 டிசம்பர் 10

பதில் எழுதாமைக்கு இன்னொரு காரணத்தையும் கருத்தில் எடுக்க வேண்டும். 2018இல் தெரிவான உள்ளூராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2023 மார்ச் 19ஆம் திகதி முடிவடைந்தது. அன்றிலிருந்து இன்றுவரை தேர்தல் நடத்தப்படாததால், சபைகள் ஆணையாளர்களினதும் செயலாளர்களினதும் கையில் உள்ளன. தேர்தலை நடத்தத் தவறியமை அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் இவ்வாண்டு ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. வட்டார உறுப்பினர் இருந்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வெள்ளத்துக்குள் இறங்கி அவருடைய வீட்டு வாசலில் போய் நிற்பதற்காவது ஒருவர் இருந்தார்.

இப்போதைய நிலையில் நமக்கு இரண்டு வழிகள் உள்ளன. கானை அடைத்துப் பொதுமக்களுக்கு இடையூறு ஏற்படுத்துபவருக்கு எதிராக, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கலாம். அயலவர்களுக்கிடையே பகை வளரும் என்பதால் இதனை இறுதி வழியாகவே வைத்துக்கொள்வது நல்லது. மற்றையது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் அல்லது பதில் வராவிட்டால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதன் பின்னர் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கடிதத்தைப் போல இதனை மேசையில் போட்டு மறந்துவிட முடியாது.

இளைய கரங்கள்
2024 டிசம்பர் 10

சட்டம், விண்ணப்பம் எல்லாம் முடிந்து பதில் வரும்போது அடுத்த மாரி வந்துவிடும். எங்கள் விளையாட்டுக் கழகத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் இருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் வைத்து ஒழுங்கைக் கான்களைத் தோண்டிவிட்டால் என்ன?

பழைய மேற்பார்வையாளன்
2024 டிசம்பர் 10

தம்பியின் மனதைப் பாராட்டுகிறேன். ஆனால் இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வாய் அடைபட்டிருக்கும்போது மேல் ஒழுங்கையின் கானை மட்டும் திறந்துவிட்டால், உங்கள் நீர் வேகமாகச் சென்று கீழ் ஒழுங்கையில் இருப்பவர்களின் அடுப்படிக்குள் ஏறும். நான் கடமையில் இருந்த காலத்தில், ஒரு ஊரார் இரவில் வீதியை வெட்டி நீரைத் திருப்பிவிட, மறுபக்கத்து ஊரார் மண்மூட்டைகளோடு வந்து அடைக்க, இருதரப்பும் மண்வெட்டிகளுடன் எதிரெதிரே நின்றார்கள். கிராம உத்தியோகத்தரும் பொலிஸாரும் இடையில் நின்று விடியும்வரை பேசவேண்டியிருந்தது. இரண்டு பக்கத்தாரும் பாதிக்கப்பட்டவர்களே. வாயைத் திறக்க வேண்டியவர் மட்டும் அந்த இரவில் அங்கே இருக்கவில்லை.

உங்கள் முப்பது பேரின் உழைப்பை நான் வேறு வேலைக்குக் கேட்கிறேன். மாசி, பங்குனியில் நீர் வற்றிய பிறகு, ஒழுங்கையிலிருந்து வாவிவரை நடந்து, ஒவ்வொரு மதகையும் படமெடுத்து, எங்கே மண், எங்கே கொங்கிறீட் பாளம், எங்கே மதில் கானுக்குள் வந்திருக்கிறது என்பதை ஒரு வரைபடத்தில் குறியுங்கள். இந்த வெள்ளம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் விட்டுச்சென்ற கறையின் உயரத்தை இப்போதே, அது அழிவதற்குள், அளந்து எழுதிவையுங்கள். கறைகளின் உயரங்களை நிலமட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நீர் எந்த இடத்தில் தடுக்கப்பட்டது என்பது தானாகவே தெரியும். பொறியியலாளர் ஒருவர் நிலமட்டக் கருவியோடு வந்து பார்க்க வேண்டிய வேலையில் பாதி அதனோடு முடிந்துவிடும்.

இளைய கரங்கள்
2024 டிசம்பர் 10

கறையை அளப்பதை இந்த வார இறுதியிலேயே தொடங்குகிறோம் ஐயா. வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் செய்யலாம். மதில் உள்ளே வந்திருக்கும் வீடுகளைக் குறிக்கும்போது பிரச்சினை வருமா?

கிணற்றடி
2024 டிசம்பர் 10

வரும். அதனால் உரிமையாளர்களின் பெயர்களை எழுத வேண்டாம். இடத்தை மட்டும் குறியுங்கள். அத்துடன் உங்கள் கழகத்தில் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் வீட்டில் இருப்பவர்கள் நாங்கள். நீர் எந்தத் திசையிலிருந்து, எந்த நேரத்தில் வளவுக்குள் வந்தது என்பதைக் கேட்டால் சரியாகச் சொல்லக்கூடியவர்களும் நாங்களே.

தாழ்நிலவாசி
2024 டிசம்பர் 11

இதுவரை பேசியவற்றை வைத்து விண்ணப்பமொன்றை எழுதியிருக்கிறேன். உள்ளூராட்சி சபைக்கும், பிரதான வீதி மதகுக்குப் பொறுப்பான நிறுவனத்துக்கும் ஒரே நாளில் தனித்தனியாகக் கொடுக்கப்படும். கேட்கும் தகவல்கள் இவை: கடந்த மூன்று ஆண்டுகளில் எங்கள் பகுதியின் எந்தெந்தக் கான்கள், எந்தத் திகதிகளில், எவ்வளவு தூரத்துக்குத் துப்புரவு செய்யப்பட்டன, அதற்கான செலவு எவ்வளவு, கானின் வடிவமைப்பு அடிமட்ட உயரம் என்ன, வாவியில் விழும் வாய் யாருடைய பொறுப்பில் இருப்பதாகப் பதிவேட்டில் உள்ளது, எங்கள் ஆடி மாதக் கடிதத்தின்மீது எடுக்கப்பட்ட தீர்மானம் என்ன, 2025க்கான துப்புரவு அட்டவணை தயாரிக்கப்பட்டுள்ளதா, அதன் பிரதி கிடைக்குமா.

கடலோரத்தான்
2024 டிசம்பர் 11

தோண்டிய மண் எங்கே கொண்டுசென்று கொட்டப்பட்டது என்ற கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் சபைக்கும் இதே விண்ணப்பத்தைக் கொடுக்க நான் ஆயத்தம்.

சட்டப் படிப்பாளி
2024 டிசம்பர் 11

"துப்புரவு செய்யப்பட்டதா" என்று கேட்டால் "ஆம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். வேலை அளவுப் புத்தகத்தின் பிரதியையும் கொடுப்பனவு உறுதிச்சீட்டின் பிரதியையும் கேளுங்கள். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை அங்கேயே வாங்குங்கள். 14 வேலை நாட்கள் அந்தத் திகதியிலிருந்துதான் கணக்கிடப்படும்.

வட்டையோரம்
2024 டிசம்பர் 11

எங்கள் பக்கத்தில் தோணாவுக்கும் இதனை மாற்றி எழுதிக்கொள்கிறேன். கடல்வாய் வெட்டப்பட்ட திகதிகளையும், வெட்டும்படி எழுத்தில் அறிவுறுத்தியவர் எந்தப் பதவியில் இருந்தவர் என்பதையும் நான் கூடுதலாகக் கேட்கப் போகிறேன். படுவான்கரை அண்ணனும் முகத்துவாரத்துக்கு அதே கேள்வியைக் கேட்டால், நகரத்தாரும் விவசாயிகளும் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டாமல் ஒரே ஆவணத்தை வைத்துப் பேசலாம்.

படுவான்கரை விவசாயி
2024 டிசம்பர் 12

கேட்கிறேன். எங்கள் விவசாய அமைப்பின் பெயரில் கொடுப்பதா, தனிப்பட்ட முறையில் கொடுப்பதா என்பதைக் கூட்டத்தில் தீர்மானித்து அறிவிக்கிறேன்.

தாழ்நிலவாசி
2024 டிசம்பர் 12

மண் கொட்டிய இடம், அளவுப் புத்தகம், உறுதிச்சீட்டு மூன்றையும் சேர்த்துவிட்டேன். திங்கட்கிழமை காலை நானும் சங்கச் செயலாளரும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஒப்புகையின் படத்தையும், பின்னர் வரும் பதில்களையும், வராவிட்டால் மேன்முறையீட்டின் பிரதியையும் இதே இழையில் பதிவேன். சுவர்க்கறை அளவுகளை எடுத்தவர்கள் வீட்டிலக்கம் இல்லாமல், ஒழுங்கையின் பெயரோடு மட்டும் இங்கே இடுங்கள்.